முப்பத்தொன்றாம் பீப்பாய்

கப்பலுக்குப் பெயர் பொறுமை.
பிலடெல்பியா விட்டு நூற்று முப்பத்தேழு நாள்.
போர் லூயியில் அது நங்கூரம் போட்டபோது
ஊரில் ரொட்டி இல்லாமல் பதினோரு நாள்.
ரொட்டிக்கடை மறே கிடங்கு வாசலில் நின்று
என் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்,
தராசுதான் மாவு சுரக்கும் என்பதுபோல.

நான் லாசர். துறைமுகத்தில் எடைக்காரன்.
புதுச்சேரியில் அப்பா உப்பு நிறுத்தார்.
இங்கே நான் எது வந்தாலும் நிறுப்பேன்.

சரக்கோடு வந்தவன் எலிஷா தார்ன்பரி,
மாவு மில் குடும்பத்தின் மூன்றாம் பிள்ளை.
சாம்பல் கோட்டு. பொத்தான்கூட மினுங்காது.
யார் எதிரே வந்தாலும் தொப்பி தலையில்தான்.
ஞாயிறு என்று சொல்ல மாட்டான்,
முதல் நாள் என்பான்.
அவன் கற்ற பிரெஞ்சில் ‘வூ’ கிடையாது,
எல்லாருக்கும் ‘து’.
நம் பேச்சில் சொன்னால்,
சுங்கத் துரையை ‘நீ’ என்றான்.
பீப்பாய் உருட்டிய மொசாம்பிக் ஆளை ‘நீ’ என்றான்.
என்னிடம், ‘நீ நிறு, நான் எழுதுகிறேன்.’
கடவுளை நான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.
அப்புறம் நாயை.

கையைத் தூக்கிச் சத்தியம் செய் என்றது சுங்கம்.
‘சத்தியம் செய்த அன்றைக்கு மட்டுமா
நான் உண்மை பேசுவேன்?’
நாற்பது பியாஸ்தர் தண்டம்.
எண்ணி வைத்தான். முகத்தில் ஒன்றுமில்லை.

அவர்கள் றாத்தலுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு,
எங்கள் படிக்கல்லுக்கு நூற்று எண்பத்தொன்றரை.
முப்பது பீப்பாய் பிசகவில்லை.
முப்பத்தொன்று கனத்தது.
எனக்குத் தெரியும், கடல்நீர்.
மூடிக்குக் கீழே நாலு விரல் வெள்ளை,
அதன்கீழ் சுண்ணாம்புக் கட்டி.
மறே பார்க்கவில்லை. நான் அவனைப் பார்த்தேன்.
அவன் பேனாவை எடுத்து எழுதினான்: கெட்டது.

அன்று இரவு கிடங்கில்
சர்க்கரை ஏற்றலாமே என்றேன், நல்ல விலை.
‘யார் கை வெட்டிய கரும்பு?’
சொன்னேன்.
காப்பி? அதுவும் அதே கை.
கிராம்பு? அதுவும்.
கடைசியில் மலபார் மிளகு கொஞ்சம்,
மீதிக் கப்பலுக்குக் கல்.
கல்லைக் காசு கொடுத்து வாங்கிய வியாபாரியை
அதற்கு முன் நான் கண்டதில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொன்னேன்.
உன் மாவில் பாதி இந்த ஊருக்கு.
மறு பாதியை மறே பிஸ்கோத்தாகச் சுடுவான்.
அது செலஸ்த் கப்பலுக்கு.
செலஸ்த் மொசாம்பிக் போகும்.
திரும்பி வரும்போது
அடித்தட்டில் மாவு இருக்காது.

பீப்பாய்மேல் உட்கார்ந்தான்.
அவர்கள் கோயிலில் பாட்டோ பூசையோ இல்லையாம்,
சும்மா உட்கார்ந்திருப்பார்களாம்
யாருக்காவது வார்த்தை வரும்வரை.
அந்த இரவு யாருக்கும் வரவில்லை.
எலிகள் ஓடின. விளக்கு எண்ணெய் தீர்ந்தது.

விடிந்ததும் அப்பனுக்குக் கடிதம் எழுதினான்.
என்னிடம் கேட்டு மறே பெயரையும் செலஸ்த் பெயரையும்
எழுத்துக்கூட்டி எழுதினான்.
பதில் வர ஒன்பது மாதம் ஆகும் என்றான்.
ஆறாம் மாதமே இன்னொரு கப்பல் வந்தது.
இருநூறு பீப்பாய். மூடியில் அதே சூட்டு முத்திரை.
கூட வந்தவன் வேறு ஆள். தொப்பியைக் கழற்றினான்.

முப்பத்தொன்றாம் பீப்பாயை
ஒன்றரைப் பியாஸ்தருக்கு நான்தான் எடுத்தேன்.
என் வீட்டுப் பின்கட்டில் ரோசாலி
அந்தக் கட்டிகளை உடைத்து, சலித்து,
புழுவைப் பொறுக்கிப் போட்டுப் பிசைவாள்.
அவளை வாங்கிய சீட்டு என் பெட்டியில் இருக்கிறது,
எடை எழுதும் அதே மையில்.

அவனிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

நேற்று அவள் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தபோது
‘நீ சாப்பிட்டாயா?’ என்று கேட்டேன்.
எத்தனையோ வருடமாக அவளை ‘நீ’ என்றுதான்.
எழுத்து ஒன்றுதான், ஒலியும் ஒன்றுதான்.
அவனுடைய ‘நீ’யைச் சொல்லிப் பார்த்தேன்.
அவள் திரும்பினாள்,
என்ன தப்புச் செய்தோம் என்ற முகத்தோடு.