ஐந்தாவது மாலுமி

முதுநகரில் மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரிதான்
பதினேழு வருஷமாக விண்கலம்.
நாலு மாலுமிகள் செத்தாயிற்று அதில்.
மூன்று பேர் விண்கல் மோதி,
ஒருவர் சம்பளத் தகராறில்.

இன்று தில்லைநாயகி.
நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை.
யாரோ மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

வாசலில் ரசிகர்கள் நாலைந்து பேர்,
பழைய மாலுமி படம்போட்ட பனியனோடு,
வாழ்க என்றும் சொல்லாமல்
ஒழிக என்றும் சொல்லாமல்
டீ குடிக்கிறார்கள்.

"எஞ்சின் தயாரா?"
இதுதான் முதல் வசனம். கேட்டாள்.
அந்நேரம் பார்த்துத் துறைமுகத்தில்
விசைப்படகு ஒன்று உறுமிக் கிளம்ப
ஒலிப்பதிவுக்காரர் கையைத் தூக்கினார், நிறுத்து என்று.

இயக்குநர் நிறுத்தவில்லை.

கேமராவில் வராத அவள் குதிகாலில்
செதில் ஒன்று ஒட்டி
மினுங்கிக்கொண்டிருந்தது.