டோக்கன் நாற்பத்தொன்று

திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்தில்
பண்ருட்டி வண்டிகள் நிற்கும் பக்கம்
ஒரு பைத்தியக்காரி இருந்தாள் என்று
என் முதல் தொகுப்பின் பதினேழாம் பக்கம் சொல்கிறது.

அதில் அவள் நிலவோடு பேசினாள்.
கிழிந்த சேலையைக் கொடி என்று எழுதினேன்.
அவள் எறிந்த கல்லை
அதிகாரத்தின் நெற்றியில் விழுந்த தீர்ப்பு என்றேன்.
சிதம்பரத்தில் ஒரு கூட்டத்தில் வாசித்தபோது
கடைசி வரியை இன்னொரு தரம் கேட்டார்கள்.
சால்வை போர்த்தினார்கள்.
இரவு கடைசி வண்டியில் வந்திறங்கி
அவள் படுத்திருந்த தூணைத் தாண்டித்தான்
அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன்.
மார்கழி.

பிறகு எனக்கு வந்தது.
எப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்திருந்தால்
அதையும் ஒரு கவிதையாக்கி எங்காவது அனுப்பியிருப்பேன்.
கெடிலம் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு
லாரி எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
அடுத்தடுத்து மூன்று லாரிக்கு ஏழு வந்தால்
வீட்டுக்குப் போகலாம்.
வரவில்லை. விடிந்துவிட்டது.
சிப்காட் பக்கமிருந்து அந்த வாடை வந்தது,
ஊருக்கே வருகிற வாடைதான்,
எனக்கு மட்டும் அது என் இனிஷியலோடு பெயரைச் சொன்னது.

மாத்திரைகளை மனைவி
சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்தாள்.
அலுவலகத்தில் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறோம்.
பொய் நிற்க வேண்டுமே என்று
இடுப்பில் பெல்ட்டும் கட்டிக்கொண்டு போகிறேன்.
இப்போது நிஜமாகவே முதுகு வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை, மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி.
கழுத்து வரை மப்ளர் சுற்றி
சித்திரை வெயிலில் நின்றேன்.
எனக்கு முன்னால் நாற்பதாம் எண்.
எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை.
ஐஸ் பட்டுப் பட்டு வெளுத்த விரல்கள்.
திரும்பினாள்.
"பஸ் ஸ்டாண்டுல நின்னு நின்னு
என்னியப் பாத்து எழுதிக்கினு போவியே,
நீதானே?"

பெயர் அஞ்சலாட்சி. சோனங்குப்பம்.
துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைக்கிறாள்.
இதெல்லாம் அவளே சொன்னது,
பதினேழாம் பக்கத்துக்கு அவள் பெயர் தேவைப்பட்டிருக்கவில்லை.

எதற்கென்று தெரியாமல் கவிதையைச் சொன்னேன்.
நிலவு வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"நெலாவா?
அது அந்த டியூப் லைட்டுய்யா.
ராத்திரி பூரா மினுக்கு மினுக்குனு
கண்ணுல அடிச்சிக்கினே கெடக்கும்.
மாத்துங்கடான்னு கத்துவன்.
எவன் மாத்துனான்?"

நகராட்சியில், தெருவிளக்குப் பிரிவில், நான் எழுத்தர்.
தொகுப்பின் பின்னட்டையில்
அரசுப் பணியில் இருக்கிறார் என்று மட்டும் போட்டிருக்கும்.

"அந்தக் கல்லு?" என்று கேட்டேன்.
"பல்லுவலி."
வாயைத் திறந்து காட்டினாள்.
கீழே மூன்று இல்லை.

படுத்திருந்தவள் மேல் வெந்நீர் ஊற்றிய டீக்கடைக்காரரைப்
பற்றியும் சொன்னாள்.
எனக்கு அவரைத் தெரியும். நல்ல மனிதர்.
கார்த்திகையானால் மாலை போடுவார்,
கடனுக்குக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்.
அவர் எந்த வரிசையிலும் நின்று நான் பார்த்ததில்லை.

உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள்.
சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டே
"உனுக்கும் அந்த மஞ்ச மாத்திரையா?
சோறு துன்னுட்டுப் போடு,
வெறும் வயித்துல போட்டா நாக்கு ஒட்டிக்கும்" என்றாள்.
பிறகு,
"அந்தப் பொஸ்தவத்துல எம் பேரு போட்டுக்கிறியா?"
இல்லை என்றேன்.
"அப்ப அது யாரோ" என்று சொல்லிவிட்டு
ஓ.டி. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நாற்பத்தொன்று என்று
இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள்.
டாக்டர் சின்னப் பையன், கண்ணில் தூக்கம்.
ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்டார்.
வெளிச்சம் அடிக்கிறது என்றேன்.

எழுதிக்கொண்டார்.