நடுவில் பதினொன்று

நெரிமாவில், ரயில் பாதையை ஒட்டி மூன்றாவது மாடி.
வீரனை நான் வரைவதில்லை.
அவன் கை ஓங்குவதை ஒருவர் வரைவார்,
மலை உடைவதை இன்னொருவர்.
நடுவே விழும் பதினோரு தாள்கள் என்னுடையவை.

நூறு தண்டால் எடுப்பான் அவன்,
ஒற்றை விரலில், மூச்சு வாங்காமல்.
ஏழு வருடமாய் எடுக்க வைப்பவள் நான்,
பால் பெட்டி தூக்கினாலே
மணிக்கட்டு பிசகிக்கொள்பவள்.

மார்ச்சில் ஒரு விடியலில்
மேசைகளுக்கு நடுவே அட்டையை விரித்துக்
குப்புறப் படுத்தேன்.
முதல் நாள் ஒன்று. அதுவும் முழங்கால் ஊன்றி.
வண்ணம் தீட்டும் குசுமோதோ பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல்
ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

ஜூனில் ஏழு.
ஏழாவதில்தான் தெரிந்தது:
முதலில் நடுங்குவது புஜமல்ல,
காதுக்குக் கீழே ஒரு நரம்பு.
பிறகு உதடு.
மூக்கு நுனி வியர்வை
விழலாமா என்று யோசிக்கும்.

அன்றிரவு
அவனது தொண்ணூற்றெட்டாம் தண்டாலில்,
நாலாவது தாளில்,
கழுத்தில் ஒரு கோடு சேர்த்தேன்.
‘பிழை’ என்று சிவப்புப் பென்சிலில் திரும்பி வந்தது.
அழித்தேன்.
ஐந்தாவதில் போட்டேன்.

ஞாயிறு காலை ஒளிபரப்பு.
கண் இமைத்தால் போய்விடும் அந்தத் தாள்.
இமைக்காமல் பார்த்தேன்.
கோட்டின் ஓரமாய்
யாரும் கேட்காத ஒரு சிவப்பை
வைத்திருந்தார் குசுமோதோ.