சடையன் முதலானோர், 2009

பேராசிரியர் பதவிக்கான படிவத்தில்
பதினேழாவது கட்டம்:
உமது கட்டுரைகள் எத்தனை முறை
மேற்கோள் காட்டப்பட்டுள்ளன?

தேடிப் பார்த்தேன்.
நான் மூன்று பேராக இருந்தேன்.

ச. குணவதி. ஐந்து கட்டுரை. யாரும் அதிகம் சீண்டாதவை.
குணவதி ராஜரத்தினம், கல்யாணத்துக்குப் பிறகு:
ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பெண்கள் நூற்றுப் பத்துப் பேர்,
அவர்கள் ரத்தத்தில் இரும்பு,
சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ.
மூன்றாவது ஆள்
சடையன் ஜி.

குடும்பப் பெயர் என்ற இடத்தைக்
காலியாக விட முடியாது என்றது ஆய்விதழ்.
எங்களிடம் அப்படியொன்று கிடையாது.
இனிஷியலை விரித்து எழுதினேன்.
அன்று முதல் என் அப்பா
உடலியங்கியல் அறிஞர்.

மாமாங்கத்துக்கு அந்தப் பக்கம்
வெள்ளைக்கல் சுரங்கத்தில்
இருபத்தொன்பது வருஷம் சம்மட்டி பிடித்தவர்.
சம்பள நாளில் கைநாட்டு.
இப்போது இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகளில்
அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறார்:
சடையன் முதலானோர், 2009.
ஏதோ சாமி புறப்பாடு மாதிரி.
பின்லாந்துக்காரர் ஒருவர் எழுத்தை மாற்றிச்
சதையன் ஆக்கிவிட்டார்.
துறைக்குப் பொருத்தம்தான், விட்டுவிட்டேன்.

அக்னி நட்சத்திரத்தில் செய்த ஆய்வு அது.
முப்பத்தெட்டுப் பேர்.
ஜவ்வரிசி ஆலையில் இரவல் வாங்கிய தராசு.
வேலைக்கு முன் ஒரு எடை, பின் ஒரு எடை,
முதுகில் ஒட்டிய பஞ்சில் ஊறியதைப் பிழிந்து
உப்புக் கணக்கு.
பாதிப் பேருக்குத் தண்ணீர்,
பாதிப் பேருக்கு மோர் கரைத்த கம்பங்கூழ்.
இரண்டாம் அட்டவணை, வேலையாள் 14:
வயது ஐம்பத்தொன்று, எடை நாற்பத்தேழு,
ஒரு ஷிப்டில் வெளியேறிய வியர்வை நாலரை லிட்டர்,
அதில் உப்பு பதினோரு கிராம்.
நலன் முரண் எதுவுமில்லை என்று
கடைசிப் பக்கத்தில் எழுதியதும் நான்தான்.

யார் யார் சொல்லியிருக்கிறார்கள் என்று
ராத்திரி ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
கால்பந்து வீரர்கள். பாலைவனத்துப் படைகள்.
மராத்தான் ஓடுகிறவர்களுக்கு
எலுமிச்சை வாசத்தில் ஒரு நீலப் பானம்.
கம்பங்கூழ் 'மரபுசார் தானியக் கரைசல்' ஆகியிருந்தது,
பிறகு அதுவும் போய் வெறும் 'கரைசல் பி'.
கல் உடைப்பவன் என்ற சொல்
முதல் பத்துக் கட்டுரையோடு நின்றுவிட்டது.
பிரேசிலில் கரும்பு வெட்டுபவர்களைப் பற்றி எழுதிய ஒருத்தி மட்டும்
நிழலில் கால்மணி நேரம் உட்கார விட வேண்டும் என்று
எங்கள் அட்டவணையைக் காட்டி வாதாடியிருந்தாள்.
உட்கார விட்டார்களா, தெரியாது.
அந்தக் கட்டுரையை இதுவரை
யாரும் மேற்கோள் காட்டவில்லை.

அப்பாவிடம் சொன்னேன்.
'எரநூத்திப் பதினாலு பேரு எம் பேரச் சொன்னாங்களா?
ஒருத்தனாவது கூலி எவ்வளவுன்னு கேட்டானா?'
டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மூவரும் ஒருவரே என்று
ஒரு பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ளலாம்.
அழுத்தினேன்.
ஆறும் மூன்றும் இரண்டும் சேர்ந்தால் பதினொன்று வராது
இந்தக் குறியீட்டில். ஏழு வந்தது.
பதவிக்கு எட்டு வேண்டும்.
'அடுத்த கட்டுரையில உங்களையே நாலு தரம் போட்டுக்குங்க மேடம்,
எல்லாரும் செய்றதுதானே'
என்கிறார் பக்கத்து அறை தணிகாசலம்.
அவருக்குப் பதினொன்று.

ஏழு என்று எழுதி
மை காயக் காத்திருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலையேறும் லாரிகளின் விளக்கு
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அணைந்து எரிந்தது.

உள்ளேயிருந்து குரல்.
ரத்த அழுத்தம், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்,
இரண்டு வருஷமாக.
'மோர்ல உப்புப் பத்தல'
என்கிறது
வேலையாள் 14.