ஸ்டிக்கர் ஒட்டாத பொத்தான்

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த வண்டி.
எங்களுக்கு முன்னால் யாரோ ஏழு வருடம் ஓட்டியது.
ஸ்டியரிங் வலப்பக்கம். எங்கள் நாட்டில்
வண்டி போவதும் வலப்பக்கம்.
அதனால் முந்தும்போதெல்லாம்
இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நான்தான்
தஷ்ன்யமின் கண்.
"போகலாமா?" என்பான்.
"லாரி. பொறு. இன்னொன்று. இப்போது போ."
கல்யாணமான நாள்முதல்
இதைவிடப் பெரிய பொறுப்பை
யாரும் என்னிடம் தந்ததில்லை.

பொத்தான்களில் ஜப்பானிய எழுத்து.
உலான்பாத்தரில் பாதிப்பேர் இப்படித்தான்
வாசிக்கத் தெரியாத வண்டியை ஓட்டுகிறோம்.
அவ்வப்போது திரைக்குள்ளிருந்து ஒரு பெண் பேசுவாள்,
அவ்வளவு மரியாதையாக,
என்னவென்றுதான் தெரியாது.
ஹூலன் அவளுக்குப் பதில் சொல்வாள்: "சரி அத்தை."

ஸ்டிக்கர் ஒட்டியதும் ஹூலன்தான்.
காலுக்கு ஊதுவது ஒட்டகம்.
முகத்துக்கு ஆடு.
முன்கண்ணாடிக்குக் கழுகு.
ஒரே ஒரு பொத்தானை விட்டுவிட்டாள்:
அதில் ஒரு கார்,
காருக்குள்ளேயே வளைந்து திரும்பும் அம்பு.
"இது என்ன செய்யும்னு எனக்கே தெரியலை."
அதன் பச்சை விளக்கு
வாங்கிய நாளிலிருந்து எரிகிறது.

வெள்ளை மாதப் பண்டிகைக்கு
அர்வைகேர் போகிறோம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
டிக்கியில் ஆயிரத்து இருநூறு பூஸ்,
மூன்று நாள் உட்கார்ந்து மடித்து
பால்கனியில் உறையவிட்ட ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை.
கொள்ளாமல் மிஞ்சிய சாக்கு
கொழுந்தன் மியாக்மாரின் காலடியில்.

ஆகவே ஒட்டகத்தைத் தொடக்கூடாது.
கால் சூடானால் கறி இளகும்,
இளகினால் மாவு ஒட்டும்,
ஒட்டினால் மாமியார் வீட்டில் என் பெயர் கெடும்.
"அண்ணி, என் விரல் பத்தும் இருக்கிறதா
எண்ணிச் சொல்லுங்கள்" என்கிறான் மியாக்மார்.
டூவ்ஷின் வாய் திறந்து தூங்குகிறான்.
தஷ்ன்யம் தன் பக்கத்துக்குப் பதினெட்டு வைத்திருக்கிறான்,
நான் என் பக்கத்துக்கு இருபத்தேழு.
நடுவில் கியர்.

லுன் தாண்டியதும் கண்ணாடி மங்கியது.
முதலில் என் பக்கம்.
சட்டைக்கையால் துடைத்தான்,
துடைத்த இடம் உறைந்து கீறலாயிற்று.
"யாரும் மூச்சு விடாதீர்கள்" என்றான்,
விளையாட்டாக இல்லை.
ஐந்து பேரும் கொஞ்சநேரம் முயன்றுகூடப் பார்த்தோம்.

"முந்தலாமா?"
"தெரியவில்லை."
"தெரியவில்லை என்றால்?"
"தெரியவில்லை என்றால் தெரியவில்லை."

அப்போதுதான் அந்த அம்பைப் பார்த்தேன்.
போகவும் இல்லை, வரவும் இல்லை,
உள்ளேயே சுற்றிக்கொண்டு.
அழுத்தினேன். பச்சை அணைந்தது.
பலகைக்குப் பின்னால் எங்கோ டக்கென்று
ஒரு சின்னக் கதவு.

"வெளிக்காற்றையா விடுகிறாய்! பைத்தியமா உனக்கு?"
பனியின் வாடை, கூடவே வேறு ஏதோ,
ஈரத்தோல், சாணம்.
கழுகை முழுக்கத் திருகினேன்.
அடியிலிருந்து தெளிந்தது கண்ணாடி,
நகமளவு, பிறகு கையளவு.

கையளவில் தெரிந்தவை கால்கள்.
நிறையக் கால்கள்.
"நிறுத்து!"

வண்டி குறுக்காகச் சறுக்கி நின்றது.
எங்களுக்கு ஒரு முழம் முன்னால் குதிரைகள்,
பிடரியில் வெள்ளை உறைந்து,
எந்த அவசரமும் இல்லாமல் சாலையைக் கடந்தன.
கடைசிக் குட்டி நின்று
எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று.
யாரும் பேசவில்லை. ஜப்பான்காரி மட்டும்
ஏதோ சொன்னாள்.
"சரி அத்தை."

ஹூலன் பையைத் துழாவினாள்.
தவளை மட்டும்தான் மிச்சம்.
அதை ஒட்டினாள்.

பிறகு, யாரையும் கேட்காமல்,
தஷ்ன்யம் ஒட்டகத்தை அழுத்தினான்.
மியாக்மார் "ஆ" என்றான், கண்ணை மூடி.

அந்தச் சாக்கில் எட்டு பூஸ் மட்டும்
ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.
பிரிக்கப் பார்த்தோம், கிழிந்தன.
அப்படியே வேகவைத்தோம்.