அக்டோபர் ரத்தம்

கரும்பு வெட்டு தொடங்குமுன் ஆலை ரத்தம் கேட்கும்.
எடுப்பவள் நான்.
விடியாத வரிசை. எரிமலைக்கு மேல் இன்னும் ஒரு நட்சத்திரம்.
சட்டைக்கை மடித்த ஆண்கள், பேச்சில்லாமல்.

எலெயுதேரியோவின் நரம்பு எனக்குப் பழக்கம்:
முழங்கை மடிப்பில் தோகை கிழித்த தழும்பு,
ஒரு விரல் தள்ளி ஊசி.
முதல் வருடம் பூஜ்ஜியம் புள்ளி ஒன்பது.
அடுத்தது ஒன்று புள்ளி இரண்டு.
"கொஞ்சம்தானே?"
கொஞ்சம்தான்.
ஆனால் இந்த எண் ஏறினால் ஆள் இறங்குகிறான்.
இரட்டிப்பதற்குள்
இரண்டு சல்லடையிலும் பாதி போயிருக்கும்.
வலிக்காது.
பல் வலித்தால் தெருவே விழிக்கும்;
சிறுநீரகம் சாக
ஒரு நாய்கூடக் குரைப்பதில்லை.

"தண்ணீர் குடி" என்றேன்.
"டன் கணக்கில் கூலி. நின்று குடித்தால்
பக்கத்துப் பாத்திக்காரன் முந்திவிடுவான்."

கரும்பு தின்னக் கூலி எதற்கு,
வெட்டத்தான் கூலி.
பிடித்தம் எதில் என்று
சீட்டில் போடுவதில்லை.

எங்கள் ஊரில் நோய்க்குத் தனிப்பெயர் கிடையாது.
சோதனையின் பெயரையே சொல்வோம்:
அவனுக்குக் கிரியாட்டினின் வந்திருக்கிறது,
தபால் வந்த மாதிரி.

ஒன்று புள்ளி எட்டில் அவன் பெயரை அடித்தார்கள்.
அடுத்த அக்டோபர், மறுசோதனை.
நீட்டிய கையில் தழும்பு இல்லை.
தொப்பிக்குக் கீழே அவன் தம்பி வில்மரின் தாடை.
"பெயர்?"
"எலெயுதேரியோ."
அவன் சுவரைப் பார்த்தான்.
நான் எழுதினேன்.
வீட்டில் மூன்று குழந்தைகள் என்று எனக்குத் தெரியும்.
தெரிந்ததையெல்லாம் எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

மாலை முடிவு வந்தது.
ஒன்று புள்ளி ஐந்துவரை சேர்க்கலாம் என்பது விதி.
இரவல் ரத்தம் ஒன்று புள்ளி நான்கு.

இருபத்து மூன்று வயது.

அண்ணன் அந்தப் பருவம் முழுக்க வெட்டினான்.
இப்போது வாரம் மூன்று நாள்
பேருந்தில் போய் இயந்திரத்தோடு படுக்கிறான்.
நாளைக்கு இரண்டு குவளை, அதற்கு மேல் துளி கூடாது.
வாழைப்பழம் கூடாது, மொச்சை கூடாது.
பூட்டிய குடத்தின் சாவி
மனைவி நெரெய்தாவின் இடுப்பில்.

பார்க்கப் போனேன்.
பனிக்கட்டி ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டான்:
"அன்றைக்குத் தம்பிக்கு எவ்வளவு இருந்தது?"

பனிக்கட்டி பல்லில் இடித்தது.
கூரைத் தகரத்தில் மழை.
அவன் வாய் தானாகத் திறந்து
அந்தப் பக்கம் திரும்பியது.