பனி தங்காத மேடு

ஒரு ஸ்ப்ரூஸ் தடியை அறுத்தால்
பாதிதான் பலகை.
மீதி பட்டை, சிராம்பு, கடைத்துண்டு, தூள்.
வாங்கும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்
காசு கொடுத்தோம்.

பட்டையும் துண்டும் அடுப்புக்குப் போய்விடும்.
தூளைக் கேட்க நாதியில்லை.
இருட்டியதும் தோடெர் தள்ளுவண்டியைப்
பாலத்தடிக்கு உருட்டிப் போவார்.
சக்கரத்துக்கு எண்ணெய் போடச் சொன்னேன்,
வேறொன்றும் சொல்லவில்லை.
சுச்சாவா மலையில் மில்காரர்கள் எல்லாரும்
அந்த நேரத்தில்தான் ஓடைக்குப் போவார்கள்;
யாரும் யாரையும் பார்த்ததில்லை.

நோன்புக்கு நடுவே
மீனுக்கு அனுமதியுள்ள நாள்.
அவர் பிடித்து வந்த ட்ரவுட்டின் செவுளைப் பிளந்தேன்.
ஈரத் தூள்.
விரலில் தேய்த்துப் பார்த்தேன்.
எங்கள் ரம்பத்தில் நாலாம் பல் மழுங்கல்,
இழுத்து இழுத்துக் கடிக்கும்,
தூளோடு நூல் நூலாய் நார் விழும்.
அதே நார்.

மேசைமேல் வைத்தேன். பார்த்தார்.
"பல்லைத் தீட்ட வேண்டும்" என்றார்.

இப்போது தூள் கொல்லையில் கிடக்கிறது.
சவேதாவின் பன்றிக் கொட்டிலுக்கு வாரம் இரண்டு சாக்கு;
காசு தரமாட்டாள், முட்டை தருவாள்.
மிச்சம் வளர்ந்துகொண்டே போகிறது.
உள்ளே கை விட்டால் சுடும்.
ஊரெல்லாம் பனி மூடிய காலையிலும்
அது மட்டும் கறுத்து,
ஆவி விட்டுக்கொண்டு,
சமையலறை ஜன்னலையே பார்த்தபடி.